மாத்திரை போட்ட பிறகும் ஏன் தூங்குகிறேன் என்றால்

"அதான் மாத்திரை போடுறியே, அப்புறம் ஏன் மதியம் கண்ணை மூடுற?" வீட்டிலும் கேட்கிறார்கள், அலுவலகத்திலும் கேட்கிறார்கள். நார்கோலெப்சி, அதாவது பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நரம்பியல் நோய் உள்ள பலரும் இதைக் கேட்டிருப்பீர்கள். ஒருமுறை விரிவாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

மனிதரை விழிப்பில் நிலைநிறுத்துவது மூளையில் சுரக்கும் ஹைப்போகிரெட்டின் என்ற வேதிப்பொருள். ஒரெக்சின் என்றும் சொல்வார்கள். 1998-ல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அதைச் சுரக்கும் நரம்பணுக்களில் பெரும்பகுதி என்னைப் போல முதல் வகை நார்கோலெப்சி உள்ளவர்களுக்கு அழிந்துவிட்டது. அவை திரும்ப முளைப்பதில்லை. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே இருக்க வேண்டிய வேலி எங்களுக்கு இல்லை. வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் மடங்கும். காலையில் கண் திறந்திருக்கும், உடம்பு அசையாது. ஊரில் இதை அமுக்குவான் பேய் என்பார்கள். தலையணைக்கு அடியில் இரும்பு வைத்துப் படுக்கச் சொன்னார் பாட்டி. பள்ளியிலும் கல்லூரியிலும் கிடைத்தது சோம்பேறிப் பட்டம்.

நோய் தெரிந்தது தூக்கப் பரிசோதனையில். இரவு முழுக்க ஒயர்களோடு தூங்க வேண்டும். மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நான்கைந்து தடவை படுக்க வைப்பார்கள். சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கி, இரண்டு தடவையாவது உடனே கனவுத் தூக்கத்துக்குப் போய்விட்டால் இந்த நோய்க்கான வலுவான அடையாளம். சோம்பேறிக்கு அது கைகூடாது. அந்த அறிக்கையைப் படித்து அழுதுவிட்டேன். துக்கத்தால் இல்லை.

பிறகு காலையில் மோடாஃபினில் என்ற விழித்திருக்க வைக்கும் மாத்திரை. ஆரம்பத்தில் தலைவலி, பசியின்மை. ஆனால் ஒரு கூட்டத்தை முழுதாகக் கேட்க முடிந்தது, படித்த பக்கம் மனதில் நின்றது. அந்த மாத்திரைக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். தேர்வுக்குக் கண்விழிக்கப் பிள்ளைகள் இதை வாங்கிப் போடுவதால் மருந்துக்கடையில் சீட்டு நீட்டும் எங்களையும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்; அது வலிக்கிறது. பெண்களுக்கு ஒரு விஷயம்: இது கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். என்னிடம் யாரும் தானாகச் சொல்லவில்லை.

ஆனால் மோடாஃபினில் இழந்த ஹைப்போகிரெட்டினைத் திருப்பித் தருவதில்லை. விழித்திருக்க உதவுகிறது, அவ்வளவுதான். சிரித்தால் கால் துவள்வதற்கு வேறு மருந்து. மதியத் தூக்கம் கொஞ்சம் தள்ளி வருகிறதே தவிர, வராமல் இருப்பதில்லை. அதனால்தான் பகலில் 15, 20 நிமிடம் தூங்குவதை மருத்துவர்களே சிகிச்சையின் ஒரு பகுதியாகச் சொல்கிறார்கள். அந்தத் தூக்கம் கிடைத்தால் மாலை வரை தெளிவாக வேலை செய்வேன். கிடைக்காத நாளில் எழுதிய மின்னஞ்சலை எனக்கே படிக்கத் தெரியாது.

சர்க்கரை நோயாளி சாப்பாட்டுக்கு முன் ஊசி போட்டுக்கொள்ள ஐந்து நிமிடம் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. என் 20 நிமிடம் மட்டும் எப்படிச் சலுகை ஆகிறது? மருத்துவச் சான்றிதழோடு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டேன். உணவு இடைவேளையில்தான் கேட்டேன், வேலை நேரத்தில் இல்லை. "டோஸைக் கூட்டிக்கொள்ளலாமே" என்று பதில் வந்தது. என் மாத்திரையின் அளவை என் நரம்பியல் மருத்துவர் பார்த்துக்கொள்வார். அலுவலகத்திடம் நான் கேட்பது சாய்ந்துகொள்ள ஒரு நாற்காலி. மறுபடியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.