வரியே வராத வண்டிக்கு எதுக்குய்யா டிடிஎஸ் பிடிக்கிறீங்க?

என் லாரி வாடகையில பேலன்ஸ் வாங்கப் போனா, வாடகை 80,000-ல 1,600 ரூபாயைக் காணோம். "டிடிஎஸ் 2 பர்சன்ட் கழிச்சாச்சுண்ணா"ங்கிறான் லோடு பிடிச்சுத் தர்ற புக்கிங் ஆபீஸ் தம்பி. டிடிஎஸ்னா, பணம் கொடுக்கும்போதே வருமான வரிக்குன்னு முன்கூட்டியே பிடிச்சு அரசுக்குக் கட்டுற தொகை. ஏன்டா தம்பின்னா, "சிஸ்டத்துலயே அப்படித்தான் வருதுங்ண்ணா". சிஸ்டம் என்ன வானத்துலருந்தா குதிச்சுது? அதுல ரெண்டுன்னு போட்டு வச்சவன் அங்கதானே உட்கார்ந்திருக்கான்!

வருமான வரிச் சட்டத்தையே சொல்றேன். 194சி பிரிவு, ஆறாவது உட்பிரிவு. பத்து வண்டியோ அதுக்குக் கீழயோ வச்சிருக்கிறவன், "எனக்குப் பத்துக்கு மேல வண்டி இல்லை"ன்னு எழுதி, பான் நம்பரோட கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டா, அவன்கிட்ட டிடிஎஸ் பிடிக்கவே வேண்டாம். 2015 ஜூன்லருந்து இதுதான் விதி. சரி, எழுதிக் கொடுக்கலைன்னே வச்சுக்குவோம். அப்பவும் பான் இருக்கிற தனி ஆளுக்கு 1 சதவீதம்தான். ரெண்டுங்கிறது கம்பெனிக்கும் பார்ட்னர்ஷிப்புக்கும். என் ஆர்.சி.யில என் பேரு ஒண்ணுதான் இருக்கு, நானே ஓனர், நானே டிரைவர். நான் எப்பய்யா கம்பெனி ஆனேன்?

(2026 ஏப்ரல்லருந்து புதுச் சட்டம் வந்து பிரிவு நம்பர், ஃபார்ம் நம்பர் எல்லாம் மாறிப்போச்சு. நான் பழைய நம்பர்லயே சொல்றேன். பழசே தெரியாதவங்ககிட்ட புதுசைச் சொல்லி என்ன ஆகப்போகுது?)

அப்படி எழுதின டிக்ளரேஷன் கொடுத்தேனா? கொடுத்தேன். வாட்ஸ்அப்புலயும் அனுப்புனேன், பேப்பராவும் நீட்டுனேன். அப்புறம் ஏன் பிடிச்சான்னா, பிடிக்காம விட்ட வண்டிக்காரன் பான் நம்பரையெல்லாம் மூணு மாசத்துக்கு ஒருக்கா தாக்கல் பண்ற கணக்குல அவன் காட்டணும். அந்த வேலைக்குச் சோம்பல். அவன் சோம்பேறித்தனத்துக்கு என் வாடகையில கழிவு!

இதுல பெரிய கொடுமை, எனக்கு வரியே வராது. 44ஏஇ-ன்னு ஒரு பிரிவு சின்ன வண்டிக்காரனுக்குன்னே இருக்கு. 12 டன்னுக்கு மேல மொத்த எடை உள்ள வண்டின்னா, டன்னுக்கு மாசம் 1,000 ரூபாய் லாபம்னு வரித் துறையே கணக்கு வச்சுக்குது. அதுக்குக் கீழ உள்ள வண்டிக்கு மாசம் 7,500. பத்துச் சக்கரம், மொத்த எடை 28 டன்னுன்னா மாசம் 28,000, வருஷத்துக்கு 3,36,000. கணக்கு நோட்டு வேண்டாம், ஆடிட் வேண்டாம். புது வரி முறையில 12 லட்சம் வரைக்கும் வரி பூஜ்யம். அதாவது இதே மாதிரி மூணு வண்டி வச்சிருந்தாக்கூட, வேற வருமானம் இல்லைன்னா, ஒத்தைப் பைசா வராது. நாலாவது வண்டி வாங்குனா பார்த்துக்குங்க, அப்ப அட்வான்ஸ் டேக்ஸும் தவணை தவணையா கட்டணும்.

இந்தப் பிரிவு மட்டும் என்ன தங்கமான்னா, அதுவும் இல்லை. வண்டி ஓடுச்சா, எஃப்.சி.க்கு ஷெட்டுல நின்னுச்சா, இன்ஜின் இறக்கிக் கிடந்துச்சான்னு கேக்காது. நம்ம பேருல இருந்தா அந்த மாசம் லாபம்தான். ஃபைனான்ஸுக்கு டியூ கட்டிக்கிட்டு இருக்கிறவனும் ஓனர்தான். டீசல், டயர், டோல், காலாண்டு வரி, நேஷனல் பெர்மிட்டுக்கு வருஷம் 16,500, கிளீனர் படி, எதையும் தனியா கழிக்க முடியாது. நிஜத்துல லாபம் அவ்வளவு இல்லைன்னு காட்டணும்னா நோட்டு எழுதி ஆடிட் பண்ணணும். லோடு இறக்கிட்டு ராத்திரி பூராம் கண்ணு முழிச்சு ஓட்டுறவன் என்னத்த நோட்டு எழுதுவான்?

சரி, பிடிச்சதாவது ரீஃபண்டா வரும்னு, நம்ம பான்ல எவ்வளவு வரி ஏறியிருக்குன்னு காட்டுற 26ஏஎஸ் எடுத்துப் பார்த்தா, அந்த ஆபீஸ் பேரே அதுல இல்லை! பிடிச்ச பணத்தை அடுத்த மாசம் 7-ஆம் தேதிக்குள்ள கட்டணும், பிடிச்சதுக்கு அத்தாட்சியா நமக்கு 16ஏ சர்டிபிகேட் தரணும். ரெண்டும் நடக்கலை. என் பான் நம்பருக்கு எதுவுமே ஏறலைன்னா அது வரி இல்லைய்யா, என் பையிலருந்து எடுத்தது. பிடிச்சவன் கட்டலைன்னா அதை மறுபடி நம்மகிட்ட கேக்கக் கூடாதுன்னு 205-வது பிரிவு சொல்லுது. காகிதத்துல நல்லாத்தான் இருக்கு. ரீஃபண்டு கொடுக்கிற கம்ப்யூட்டர் 26ஏஎஸ்-ல இருக்கிறதை மட்டும்தான் பார்க்குது, அதுகிட்டப் போய் 205 படிச்சுக் காட்டவா?

"வரிதான் வரலையே, எதுக்கு ரிட்டர்ன்?"னு சொல்ற ஆடிட்டருங்க வேற தனி ரகம். ரிட்டர்ன் போடாம ரீஃபண்டு எப்படி வரும்? அடுத்த வண்டிக்கு லோன் கேட்டுப் போனா பேங்க்குல முதல்ல கேக்கிறதே இந்த ரிட்டர்னைத்தானே, அதாவது ஐடிஆர்? அப்ப யாரு வந்து பதில் சொல்லுவாங்க?

இனிமே டிக்ளரேஷன் ரெண்டு காப்பி. ஒண்ணு அவனுக்கு, இன்னொண்ணுல சீல் போட்டு, தேதி போட்டு என் கையில தரணும். அதைத் தராத ஆபீஸ்ல தார்ப்பாயைப் பிரிக்கிறதா இல்லை. வண்டி சும்மா நிக்கட்டும், எப்படியும் 44ஏஇ கணக்குல அது ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்!