கிளிநொச்சி வெயிலில் ஒரு ஸ்னோ ரயர்

எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் இப்போது ஒரு வீடியோ சுற்றிக்கொண்டு திரிகிறது. கனடாவில் எங்கேயோ ஒரு சின்ன ஏற்றம். நம்முடைய குளக்கட்டில் ஏறுகிற அளவுக்குக்கூட இராது. ஒரு மஸ்ராங் ஸ்போர்ட்ஸ் கார் அதில் ஏற முடியாமல் நின்ற இடத்திலேயே பின்சில்லைச் சுழற்றுகிறது. எஞ்சின் உறுமுகிறது, ஸ்னோ பறக்கிறது, கார் மட்டும் மெல்ல மெல்லப் பக்கவாட்டில் வழுக்கிப் போய் ஓரத்தில் முட்டுகிறது. பக்கத்தால் ஒரு பழைய கொரோலா ஒன்றும் நடக்காததுபோல ஏறிப்போகிறது.

கீழே எங்கள் ஆட்களின் கருத்துகள். "இவ்வளவு காசு குடுத்து வாங்கி என்ன பிரயோசனம்?" "ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் வெயில் நாட்டுக்குத்தான் சரி." ஒருவர் எழுதியிருந்தார்: "இதுக்கு எங்கட லாண்ட்மாஸ்ரர் எவ்வளவோ மேல்." லாண்ட்மாஸ்ரர் என்றால் வயல் உழுகிற இரண்டு சில்லு மிசின். மற்றவர்கள் எல்லாம் சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் குழுவில் சரியான கதை கதைத்தவர் அவர் ஒருவர்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்போர்ட்ஸ் காரை ஸ்னோவில் தாராளமாக ஓடலாம். நான் ஓடியிருக்கிறேன். ஊருக்குத் திரும்பி வருவதற்கு முன் ஸ்காபரோவில் இருந்த காலத்தில் என்னிடம் இருந்தது ஒரு பழைய மாஸ்டா எம்.எக்ஸ்-5. இரண்டே இரண்டு இருக்கை, துணிக்கூரை, எஞ்சின் முன்னுக்கு, இழுவை பின்னுக்கு. வாங்கியபோது மச்சான்மார் எல்லாரும் ஒரே பாட்டுத்தான்: "வின்ரருக்கு என்ன செய்யப்போறாய்?" வின்ரருக்கு வின்ரர் ரயர் போட்டேன். அவ்வளவுதான். வேலைக்கும் போனேன், மார்க்கம் கோயிலுக்கும் போனேன், ஒருதரம் மொன்றியல் மட்டும்கூடப் போய்வந்தேன்.

அந்த வீடியோவில் தோற்றது காரில்லை, ரயர். ஸ்போர்ட்ஸ் கார்களோடு கடையிலிருந்து வருவது பெரும்பாலும் கோடை ரயர்தான். அந்த றப்பரை வெயிலுக்கும் சூடான றோட்டுக்கும் என்றே கலந்திருக்கிறார்கள். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கியதும் அது இறுகத் தொடங்கும். மைனஸில் போனால் கல்லாகிவிடும். சில கோடை ரயர்களைக் கடும் குளிரில் ஓடினால் றப்பரில் வெடிப்பு விழக்கூடும் என்று தயாரித்தவர்களே எச்சரிக்கிறார்கள். வின்ரர் ரயரின் றப்பர் அந்தக் குளிரிலும் மெத்தென்று இருக்கும். அதன் கட்டைகளில் நூற்றுக்கணக்கில் மெல்லிய கீறல்கள் இருக்கும். அந்தக் கீறல்கள் ஸ்னோவை அள்ளிப் பிடித்துக்கொள்ளும். ஸ்னோவுக்கு ஸ்னோதான் நன்றாக ஒட்டும், அந்தப் பிடியில்தான் கார் நகர்கிறது.

மஸ்ராங்குக்கு இன்னும் இரண்டு கேடு உண்டு. பாரம் முன்னுக்கு, இழுவை பின்னுக்கு. அதோடு ரயரும் நல்ல அகலம். அகலமான ரயர் என்றால் பிடி அதிகம் என்று நினைக்கிறோம். காய்ந்த றோட்டில் அது உண்மை. ஸ்னோவில் அகல ரயர் மேலே மிதக்கும், ஒடுங்கிய ரயர் வெட்டிக்கொண்டு கீழே போய் இறுகிய நிலத்தைத் தொடும். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் வின்ரருக்கு றிம்மையே ஒரு அளவு சின்னதாக்குவார்கள். என்னுடைய காருக்குக் கோடையில் 15 அங்குலம், வின்ரரில் 14. பார்க்க வடிவில்லைத்தான். கலியாண வீட்டுக்குப் போனால் பெடியள் நக்கலடிப்பார்கள்.

"நாலு சில்லும் இழுக்கிற ஜீப் எடுத்தால் ஒரு பிரச்சினையும் இல்லை" என்று நம்புகிறவர்களுக்கும் ஒன்று. முதல் ஸ்னோ கொட்டுகிற அன்று ரொரன்ரோவின் 401 நெடுஞ்சாலையில் போய்ப் பாருங்கள். பள்ளத்துக்குள் கிடக்கிற வாகனங்களில் பெரிய பெரிய ஜீப்புகளும் நிறைய இருக்கும். நாலு சில்லு இழுவை புறப்பட உதவும். நிற்பாட்ட உதவாது. பிரேக் எல்லா வாகனத்துக்கும் நாலு சில்லில்தான் இருக்கிறது. புறப்படுவது சுகமாக இருப்பதால் றோட்டு வழுக்குகிறது என்பதே ஓடுகிறவருக்குத் தெரியாமல் போய்விடுகிறது, அதுதான் ஆபத்து. எம்.எக்ஸ்-5 அப்படி ஏமாற்றாது. சந்தியில் பச்சை விழுந்து கிளச்சை விட்ட கணமே பின்பக்கம் ஒரு சின்ன ஆட்டம் காட்டும். இன்றைக்கு றோட்டு எப்படி என்று முதல் சந்தியிலேயே தெரிந்துவிடும்.

ஓடும் முறையும் கொஞ்சம் வேறு. இரண்டாம் கியரில் புறப்பட வேண்டும், முதல் கியரின் இழுவை பின்சில்லுக்குக் கூடிப்போகும். வளைவுக்கு முன்னமே, கார் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போனபிறகு அக்சிலரேற்றரிலிருந்து காலைச் சடாரென்று எடுத்தால் பாரம் முன்னுக்குச் சாய்ந்து பின்பக்கம் இலேசாகி வாலைச் சுழற்றும். சுழன்றால் மரத்தைப் பார்க்கக்கூடாது, போகவேண்டிய பக்கத்தைப் பார்க்க வேண்டும். கண் போன பக்கம் கை போகும். இதை ஒருவரும் வாசித்துப் பழக முடியாது. முதல் ஸ்னோ விழுந்த விடியற்காலையில், கடைகள் திறக்க முன்னம், வெறுமையாய்க் கிடக்கிற பிளாசா பாக்கிங்கில் போய் வேண்டுமென்றே பிரேக்கை அமத்திப் பார்க்க வேண்டும். சில்லு இறுகிவிடாமல் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கிற ஏ.பி.எஸ் காலுக்குக் கீழே கடகடவென்று அடிக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் அதில் பயந்து காலை எடுத்துவிடுவார்கள். எடுக்கக்கூடாது, அது தன் வேலையைச் செய்கிறது.

இன்னொன்று, மைனஸ் 20இல் கிடக்கிற ஐஸைவிடப் பூச்சியத்துக்குக் கிட்டக் கிடக்கிற ஐஸ்தான் அதிகம் வழுக்கும். மேலே மெல்லியதாகத் தண்ணீர் நிற்கும். "இன்றைக்குக் குளிர் பரவாயில்லை" என்று சந்தோசமாகப் புறப்படுகிற நாள்தான் மோசமான நாள்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு எல்லை இல்லை என்றும் சொல்லமாட்டேன். என் காரின் வயிறு தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லை. ஸ்னோ அதைவிட ஆழமாகக் கொட்டினால் கார் ஸ்னோவின் மேல் குந்திவிடும், சில்லுக்குப் பாரம் வராது, எந்த ரயரும் உதவாது. அப்படிப்பட்ட நாளில் றோட்டை வழிக்கும்வரைக்கும் பஸ்தான். பிறகு உப்பு. றோட்டில் கொட்டுகிற உப்பு அடிச்சட்டத்தைத் தின்றுவிடும். நல்ல காரை ஐந்து மாதம் கராஜுக்குள் போர்த்தி மூடி வைக்கிறவர்கள் துருவுக்குப் பயந்து வைத்தால் அது நியாயம். "வழுக்கும்" என்று வைத்தால் அது சாட்டு.

சரி, லாண்ட்மாஸ்ரருக்கு வருவோம். காலபோகத்துக்கு வயலை உழ இறங்கும்போது நாங்கள் என்ன செய்கிறோம்? றப்பர்ச் சில்லைக் கழற்றிவிட்டு இரும்புச் சில்லு பூட்டுகிறோம். "என்ர மிசின் நல்ல பவர், ரயரோடயே இறக்குறன்" என்று எவராவது சொன்னால் வரம்பில் நின்று சிரிப்போம். சுரிக்குள் பவரால் ஒன்றும் ஆகாது, அது இன்னும் ஆழமாகப் புதைக்கும் என்பது வன்னியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். வேலை முடிந்ததும் அதே இரும்புச் சில்லோடு காப்பெற் றோட்டில் ஏறுவோமா? மாட்டோம். நிலத்துக்கு ஏற்ற சில்லு. கனடாக்காரன் வருசத்துக்கு இரண்டுதரம் ரயர் மாற்றுவதைப் பார்த்து "காசு கூடிப்போச்சு" என்று சொல்லுகிற எங்கள் ஆட்கள், தங்கள் வயலில் அதையேதான் செய்கிறார்கள்.

வயலில் இவ்வளவு தெளிவாக இருக்கிற எங்களுக்கு றோட்டில் ஏறியதும் என்ன நடக்கிறது? இதைக் கேட்கத்தான் இந்தப் பதிவையே எழுதத் தொடங்கினேன்.

அண்மையில் கிளிநொச்சியில் ஒரு ரயர் கடையில் என்னுடைய பட்டா லொறிக்குப் பஞ்சர் ஒட்டக் காத்துக்கொண்டிருந்தேன். உச்சி வெயில், கடைத் தகரம் கொதிக்கிறது. ஒரு ஹயஸ் வான் வந்து நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வாகனம். ஓடும்போது மிதக்கிற மாதிரி இருக்கிறது, பிரேக் பிடித்தால் இழுபட்டுப் போய்த்தான் நிற்கிறது என்று அதை ஓடி வந்த தம்பி முறைப்பாடு சொன்னார். நான் சும்மா குனிந்து ரயரைப் பார்த்தேன். பக்கச் சுவரில் மூன்று சிகரமுள்ள ஒரு மலை, மலைக்குள் ஒரு பனித்துகள். பக்கத்தில் ஆங்கிலத்தில் 'ஸ்ரட்லெஸ்' என்று எழுத்து. அசல் ஸ்னோ ரயர். நகத்தால் அமத்தினால் அழிறப்பர் மாதிரி உள்ளுக்குப் போகிறது.

"தம்பி, இது பனி கொட்டுற இடத்தில ஓடுற ரயர்."

"ஜப்பானில இருந்து வரேக்கயே போட்டு வந்தது அண்ணை. ஒறிஜினல். பாருங்கோ, இன்னும் எவ்வளவு மொத்தம் கிடக்கு."

மொத்தம் கிடக்கிறது உண்மை. அவருடைய கணக்கில் கட்டை உயரமாக இருந்தால் ரயர் நல்லது. ஜப்பானில் ஸ்னோ கொட்டுகிற பகுதியில் ஓடிய வாகனம், அந்த ரயரோடேயே கப்பலேறி வந்திருக்கிறது. அங்கே அது உயிர்காக்கிற ரயர். 34 பாகை வெயிலில், கொதிக்கிற தாரின் மேல், அந்த மெத்தென்ற கட்டைகள் பிரேக் பிடிக்கும்போது நிற்காமல் நெளியும். நிற்கிற தூரம் கூடும், வளைவில் வாகனம் அலையும், றப்பரும் கெதியாகத் தேயும். அந்த வீடியோவில் கோடை ரயரோடு ஸ்னோவில் ஏற முயன்ற மஸ்ராங்கும், ஸ்னோ ரயரோடு ஏ9 வீதி வெயிலில் ஓடுகிற ஹயஸும் ஒரே பிழைதான். மஸ்ராங்கைப் பார்த்து ஊரே சிரித்தது. ஹயஸுக்குள் பிள்ளைகள் இருந்தார்கள்.

தம்பி கடைசியில் இரண்டு ரயர் மாற்றச் சம்மதித்தார். மற்ற இரண்டுக்கும் "தை பிறக்கட்டும் அண்ணை" என்றார். புதியதை முன்னுக்குப் போடச் சொன்னார். அதுவும் ஊரில் எல்லாரும் சொல்கிற கதைதான். நல்ல ரயர் பின்னுக்குத்தான் போக வேண்டும். முன் வழுக்கினால் வாகனம் நேராகப் போகும், ஸ்ரியறிங்கில் ஏதாவது செய்து பார்க்கலாம். பின் வழுக்கினால் வாகனமே சுழன்றுவிடும்.

எங்கள் பெடியளின் மோட்டார் சைக்கிள்களும் இதே கதைதான். பின்னுக்கு ஆக அகலமான ரயர், சைலன்சருக்குத் தனிச் சத்தம், ஸ்ரிக்கர், எல்லாம் சரி. ரயரில் கோடு எங்கே என்று கேட்டால் தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 வீதியில் ஒக்டோபர் மழை தொடங்கும்போது நின்று பாருங்கள். பல மாதம் காய்ந்து கிடந்த றோட்டில் எண்ணெயும் தூசியும் படிந்திருக்கும். முதல் மழை அதைக் கழுவ முன்னம் குழைத்துவிடும். அந்த முதல் ஒரு மணித்தியாலம் எங்களுடைய ஐஸ்.

யுத்தம் நடந்தபோது, பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் அப்பாமார் ஒஸ்ரின் கேம்பிறிஜையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். ஒரு துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் எடுத்து, புகை கக்கக் கக்க. ரயர் வெடித்தால் உள்ளுக்குப் பழைய ரயர்த் துண்டை வைத்து ஓடினார்கள். அப்போது வேறு வழியில்லை. இப்போது கடைக்குக் கடை ரயர் அடுக்கியிருக்கிறது, நாங்கள் றிம்முக்குக் காசைச் செலவழிக்கிறோம்.

அடுத்தது, கோவிக்கக்கூடாது, வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் சொந்தங்கள். டிசெம்பரில் பிள்ளைகளுக்கு விடுமுறை, அதனால் டிசெம்பரில் வருகிறீர்கள். அங்கே வின்ரர், இங்கே மாரி. இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கிற மாதம். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்துக்குள் கிடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். கட்டுநாயக்காவில் இறங்கி வாடகைக்கு ஒரு காரை எடுத்து, ஓமந்தை தாண்டியதும் றோட்டு நேராகக் கிடக்கிறது என்று 110இல் வருகிறீர்கள். இங்கே சட்டப்படி ஊருக்கு வெளியே கார்களுக்கு 70. இருட்டியதும் கட்டாக்காலி மாடுகள் ஈரத்துக்குப் பயந்து காப்பெற்றின் நடுவில் படுத்திருக்கும், கறுத்த மாடு கிட்டப் போகும்வரைக்கும் தெரியாது.

அதே ஆள் ரொரன்ரோவில் ஸ்னோ தூறினாலே 401இல் 60க்கு இறங்குவார். கூரையில் கிடக்கிற ஸ்னோவைக்கூட வழித்துவிட்டுத்தான் காரை எடுப்பார். கியூபெக்கில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம், இல்லையென்றால் தண்டம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டால் காப்புறுதிக் கட்டணம் குறையும். சட்டமும் காசும் அங்கே ஆளை நிதானமாக வைத்திருக்கின்றன. ஆனால் இங்கே மழைத் தண்ணீரும் ரயரை றோட்டிலிருந்து தூக்கும். வேகம் கூடக்கூட ரயரின் கோடுகளால் தண்ணீரைத் தள்ள முடியாமல் போய், சில்லு தண்ணீர்ப் படலத்தின் மேல் ஏறிவிடும். அதற்குப் பிறகு ஸ்ரியறிங்கைத் திருப்பினாலும் ஒன்றும் நடக்காது. ஐஸில் அனுபவம் உள்ளவர்களுக்கு இதை நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வாடகைக் கார் எடுக்கும்போது ஏ.சி வேலை செய்கிறதா என்று பார்க்கிற நேரத்தில் குனிந்து நாலு ரயரையும் ஒருதரம் பாருங்கள்.

இங்கே ரயர் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். பழைய ஜப்பான் ரயர் மலிவாகக் கிடைத்தால் முதலில் அந்த மலைப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேண்டாம். பிறகு பக்கச் சுவரில், அநேகமாக ஒரு நீள்வட்டத்துக்குள், நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. கடைக்காரர் "புதுசு" என்று சத்தியம் பண்ணினாலும் அதைப் பார்த்துவிட்டே காசை எடுங்கள். சில ரயரில் அது ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். வெளிப்பக்கம் காணவில்லை என்றால் உருட்டி உட்பக்கத்தைப் பாருங்கள்.