மூச்சு கேட்காத பாட்டு

அக்காவின் கணவரான மாமா இறந்த பிறகு ஏறத்தாழ ஐந்து மாதங்கள் என் அக்காவுக்குத் தூக்கமே இல்லை. பாலக்கோட்டில் அவர் வீட்டில் நான் தங்கியிருந்த நாள்களில், நள்ளிரவு தாண்டியும் அவருடைய அறையிலிருந்து ஒரு பெண்குரல் சன்னமாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் பிறந்த தேவா பிரேமல் பாடிய காயத்ரி மந்திரம் அது. 1998ஆம் ஆண்டு வெளிவந்த தொகுப்பில் உள்ளது. ஓசூரில் வேலை பார்க்கும் அக்கா மகன்தான் அதை அவருடைய கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்திருந்தான்.

துக்கம் விசாரிக்க வந்து இரண்டு நாள் தங்கிய பெரியப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கிருத்திகை தவறாமல் தீர்த்தமலைக்குப் போய்த் திருப்புகழ் பாடுகிறவர். "மந்திரத்துக்குன்னு ஏற்ற இறக்கம் இருக்குதுடா. இஷ்டத்துக்கு இழுத்துப் பாடினா அதுக்கு என்ன பேரு?" என்று என்னிடம்தான் கேட்டார். பதில் அக்காவிடமிருந்து வந்தது: "நான் அதை மந்திரம்னு கேக்கல பெரியப்பா. யாரோ பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரி இருக்குது."

நியூ ஏஜ் என்று மேலைநாட்டார் பெயரிட்டிருக்கும் இந்த ஆன்மிகக் குரலிசையைப் பற்றி நடக்கும் வாதங்கள் எல்லாம் அந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடுவதாக எனக்குத் தோன்றுகிறது. பெரியப்பா சொன்னதில் பிழையில்லை. வேத மந்திரத்துக்கு உதாத்தம், அனுதாத்தம், சுவரிதம் என்ற ஏற்ற இறக்க ஒலி ஒழுங்கு உண்டு. கிதாருக்கும் புல்லாங்குழலுக்கும் ஏற்ப அதை மெட்டாக்கும்போது அந்த ஒழுங்கு கலைந்துதான் போகிறது. ஆனால் அதைப் பாடியவருக்கே அது முதலில் தாலாட்டாகத்தான் வந்து சேர்ந்தது. தாம் பிறப்பதற்கு முன்பிருந்தே தம் தந்தை அந்த மந்திரத்தைப் பாடிவந்தார் என்று தேவா பிரேமல் சொல்லியிருக்கிறார். அக்காவின் காதில் விழுந்தது அந்தத் தாலாட்டு. பெரியப்பாவின் காதில் விழுந்தது கலைந்துபோன மந்திரம்.

இதை எனக்கு இன்னும் தெளிவாக்கியவர் எங்கள் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவர். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களில் பாரதக் கூத்து நடக்கும்போது விடிய விடியப் பாடியாக வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலத்திலும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடிய தொண்டை அவருடையது. அயர்லாந்தின் டோனகல் பகுதியைச் சேர்ந்த பாடகி என்யாவின் பாடல் ஒன்றை அவருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டுவிட்டு, "தம்பி, இந்தம்மா எங்க மூச்சு வாங்குது?" என்றார்.

இசை விமரிசனம் என்று நான் வாசித்த எதிலும் இவ்வளவு கூர்மையான கேள்வியைக் கண்டதில்லை. என்யா தம்முடைய குரலையே திரும்பத் திரும்பப் பதிவு செய்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்குகள் சேர்த்துப் பாடலாக்குகிறவர். ஓர் அடுக்கில் மூச்சுக்காக விட்ட இடைவெளியை இன்னோர் அடுக்கு நிரப்பிவிடுகிறது. மிஞ்சியதை எதிரொலி மூடிவிடுகிறது. கூத்தில் அந்த வேலையைச் செய்கிறவர்கள் பின்பாட்டுக்காரர்கள். வேடக்காரர் அடியைப் பாடி நிறுத்தியதும் அவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த அடிக்குத் தயாராவார். என்யாவின் பாட்டில் பின்பாட்டும் அவரே. ஆகவே அந்தக் குரலுக்குக் களைப்பே கிடையாது. உடலை வருத்திப் பாடிப் பழகியவர்கள் அதைக் கேட்கும்போது அங்கே ஒரு மனிதரைத் தேடுகிறார்கள், கிடைக்காமல் விலகிவிடுகிறார்கள். களைத்துப்போய்ப் படுத்திருப்பவர்களுக்கோ தங்களிடம் எதையும் எதிர்பார்க்காத ஒரு குரல் போதுமானதாக இருக்கிறது.

சொல் புரியாமல் இருப்பதும் எதையும் எதிர்பார்க்காத அந்தத் தன்மையின் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன். "புரிஞ்சா யோசிக்க ஆரம்பிச்சிடுவேன் மாமா" என்றான் இரவுப்பணி முடித்து வந்து இதைக் கேட்டபடியே தூங்கும் அக்கா மகன். என்யாவின் பாடல்களை எழுதும் ரோமா ரயன், 2005ஆம் ஆண்டுத் தொகுப்புக்காக லோக்சியன் என்ற மொழியையே புதிதாகப் படைத்தார். உலகில் ஒருவருக்கும் தாய்மொழியாக இல்லாத அந்த மொழியில் அமைந்த பாடல்களும் கேட்கப்பட்டன, விரும்பப்பட்டன.

கோவிலூரில் இருக்கும் என் கத்தோலிக்க நண்பர் மந்திர இசையைக் கேட்பதில்லை. அது அவருடைய மனச்சான்று சார்ந்தது. அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய வருத்தம் வேறிடத்தில் இருந்தது. 1994ஆம் ஆண்டு ஸ்பெயினின் சிலோஸ் மடத்துத் துறவியர் பாடிய, கிரகோரியன் எனப்படும் இலத்தீன் வழிபாட்டு இசைத் தொகுப்பு உலகெங்கும் பெருவாரியாக விற்றது. முழங்காலிட்டுச் சொல்ல வேண்டிய இலத்தீன் வழிபாட்டை மன இறுக்கம் தணியப் படுத்துக்கொண்டு கேட்கிறார்களே என்று அவர் சொன்னபோது, குரல் மட்டும்தான் அவருடையது, வருத்தம் முழுக்கப் பெரியப்பாவுடையது.

இருவருக்கும் நான் மதிப்புக் கொடுக்கிறேன். என் கோபம் வேறொரு கூட்டத்தின்மேல் இருக்கிறது. யூடியூபில் இதே இசையை 528 ஹெர்ட்ஸ், 432 ஹெர்ட்ஸ் என்று அதிர்வெண் ஒட்டி, நோய் தீர்க்கும் என்றும் உடலணுக்களைச் சரிசெய்யும் என்றும் பரப்புகிறவர்கள், துக்கத்தில் இருப்பவர்களின் நம்பிக்கையோடு விளையாடுகிறார்கள். அக்காவுக்கும் அப்படிப்பட்ட காணொளிகள் வரிசையாக வந்தன. அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்தவும் இருந்தார். மெதுவான தாளமும் நீண்ட சுரங்களும் கேட்பவரின் மூச்சை நிதானப்படுத்தக்கூடும், அதனால் உறக்கம் வரக்கூடும். அது ஆறுதல். மருத்துவம் அன்று. நாங்கள் அவரை மீண்டும் மருத்துவரிடம் அழைத்துப் போனோம்.

சென்னையில் வளர்ந்த பாடகி சந்திரிகா டாண்டன், தென்னாப்பிரிக்கப் புல்லாங்குழல் கலைஞரோடும் ஜப்பானியச் செல்லோ கலைஞரோடும் சேர்ந்து உருவாக்கிய தொகுப்புக்காக 2025 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றார். நியூ ஏஜ், ஆம்பியன்ட் என்னும் சூழலிசை, மந்திர ஓதல் ஆகிய மூன்றையும் ஒரே பிரிவில் வைத்துத்தான் அந்த விருதை வழங்குகிறார்கள். ஓதுவதும் ஓய்வுக்குக் கேட்பதும் ஒன்றல்ல என்று அறிந்த நாட்டில் இருக்கும் நாம், அந்த வேறுபாட்டை இன்னும் பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

சென்ற கிருத்திகைக்கு அக்காவும் எங்களோடு தீர்த்தமலைக்கு வந்தார். படியேறிய களைப்பில் பெரியப்பாவுக்குப் பாட்டின் நடுவே மூச்சு முட்டியது. அவர் நிறுத்திய இடத்திலிருந்து அக்கா அடுத்த அடியை எடுத்துப் பாடினார். சிறுவயதில் அவரிடமே கற்றது. பெரியப்பா மூச்சு வாங்கிக்கொண்டு பிறகு சேர்ந்துகொண்டார்.

அன்றிரவும் அக்காவின் அறையில் அந்தப் பெண்குரல் ஒலித்தது. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை.