ரெஃபரன்ஸ் நூலகருக்கு இனி வேலை இல்லையா?

"கூகுளும் ஏஐயும் வந்தாச்சு, ரெஃபரன்ஸ் நூலகருக்கு இனி வேலையே இல்லை" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ரெஃபரன்ஸ் நூலகர் என்றால், நூலகத்துக்கு வருபவரின் கேள்விக்குத் தகவல் தேடித் தருபவர். பாதி உண்மையை வைத்துக் கட்டிய தவறான முடிவு இது.

அந்தப் பாதி என்ன? அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றில் 1990-களிலிருந்தே ரெஃபரன்ஸ் நூலகரின் மேசைக்கு வரும் கேள்விகள் குறைந்துவிட்டன. நைல் நதியின் நீளத்தைக் கேட்க யாரும் நூலகம் போவதில்லை. சரி, போகவும் வேண்டாம்.

ஆனால் வேலை ஒழியவில்லை, இடம் மாறியது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸும், நூலகங்களின் கூட்டுறவு அமைப்பான ஓசிஎல்சியும் சேர்ந்து 2002-லேயே இணையவழிக் கேள்வி-பதில் சேவையைத் தொடங்கின.

வருபவர் முதலில் கேட்பதும் அவருக்கு உண்மையில் தேவைப்படுவதும் பல நேரம் வேறுவேறு. "சர்க்கரை நோய் பற்றி ஏதாவது" என்பவரிடம் நாலு கேள்வி கேட்டால், கர்ப்பகாலச் சர்க்கரை பற்றிய அண்மை ஆய்வுதான் வேண்டும் என்று தெரியவரும். இப்படி விசாரிப்பதற்கென்றே நூலகர்களுக்குப் பயிற்சி உண்டு. அந்த ஆய்வு கட்டணத் தரவுத்தளத்துக்குள் இருந்தால் எடுத்துத் தரும் வழியும் அவர்களுக்குத் தெரியும்.

ஏஐயோ இந்த வேலையைக் கூட்டியிருக்கிறது. இல்லவே இல்லாத கட்டுரைக்கும் அது தலைப்பு, ஆசிரியர், இதழ் எல்லாம் போட்டுக் கொடுத்துவிடும். அந்தப் பட்டியலோடு வருபவரிடம் எது நிஜம், எது கற்பனை என்று பிரித்துச் சொல்வது இப்போது நூலகர்தான்.