ஃப்ரைபெர்க்கை விட்டுவிட்டீர்களே

அமெரிக்காவில் தோன்றிய மார்மன் திருச்சபையின் ஆலயங்கள் பல நாடுகளுக்குப் பரவியதற்கு அதன் பணபலமே காரணம் என்னும் கட்டுரையாளரின் முடிவு எனக்குப் பாதி விளக்கமாகவே படுகிறது; சடங்கு முறையிலும் விதியிலும் வந்த மாற்றங்களுக்கும் அரசுகளின் போக்குக்கும் இதில் பங்குண்டு. 1955இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் அருகே ஐரோப்பாவின் முதல் ஆலயம் திறக்கப்பட்டபோது, பல மொழியினருக்கும் ஒரே அறையில் சடங்கை நடத்துவதற்காக, அதுவரை ஆட்கள் நேரில் நடித்துக்காட்டிய பகுதிகளைப் படமாக எடுத்து, வேண்டிய மொழியில் ஓட்டினார்கள். 1985இல் கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்த கிழக்கு ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கில் ஆலயம் எழுந்தது அதைவிட வியப்பு: விசுவாசிகள் சுவிட்சர்லாந்து ஆலயத்துக்குச் சென்றுவர அனுமதி கேட்டுக்கொண்டே இருக்க, உள்நாட்டிலேயே கட்டிக்கொள்ளலாமே என்று அரசுத் தரப்பே யோசனை சொன்னது (அதனால் வந்த அந்நியச் செலாவணி அவர்களுக்குக் கசக்கவில்லை என்பது வேறு விஷயம்). பிரேசிலின் சாவோ பாலோ ஆலயமோ, கறுப்பினத்தவருக்கு ஆசாரியத்துவம் (சமயச் சடங்குகளை நடத்தும் பொறுப்பு) மறுத்த திருச்சபை விதி நீக்கப்பட்ட அதே 1978இல்தான் திறக்கப்பட்டது. கலப்பினத்தவர் நிறைந்த அந்நாட்டில், பழைய விதியோடு அதை நடத்தியிருப்பது மிகக் கடினம்.