விடுதியில் மிஞ்சியவர்கள்

2014ஆம் ஆண்டுப் பொங்கல் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று நான் எத்தியோப்பியாவின் கோந்தர் நகரத்தில் இருந்தேன். காலை இரண்டு மணிக்கு வகுப்பு. பயந்துவிடாதீர்கள், அங்கே காலை இரண்டு மணி என்றால் நம் கணக்கில் எட்டு. நம் முன்னோர்கள் உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதுபோல அவர்கள் மணியையே விடியலிலிருந்துதான் எண்ணுகிறார்கள். அவர்கள் நாட்காட்டிப்படி அந்த ஆண்டு 2006.

வகுப்புக்கு முன்னால் பொங்கல் வைத்துவிட நினைத்து இருட்டோடு எழுந்தேன். கரும்பு கிடைத்திருந்தது, அங்கே தெருவிலேயே விற்பார்கள். வெல்லம் மதுரையிலிருந்து கொண்டுபோனது. அம்மா கொடுத்தனுப்பிய சின்ன வெண்கலப் பானையும் இருந்தது. அரிசிதான் வேகவில்லை. கோந்தர் கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, ஏறக்குறைய ஊட்டி உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். இயற்பியல் பாடம் எடுக்கிறவனுக்கு இது தெரியாததல்ல. ஆனால் அன்றைக்குக் குக்கரை எடுக்க மனம் வரவில்லை. பால் பொங்கியது. முக்கால் மணி நேரம் ஆகியும் அரிசி நறுக்கு நறுக்கென்றுதான் இருந்தது.

ஊருக்குப் பேசினேன். நம் நேரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டே முடித்திருந்தார்கள். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பொங்குச்சாப்பா?" பொங்கியது என்றேன். அதற்கு மேல் பேச முடியவில்லை, வைத்துவிட்டேன்.

வகுப்பில் என் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்து ஒரு மாணவன், "டீச்சர், இன்றைக்கு உங்களுக்குப் பண்டிகையா?" என்று கேட்டான். ஆமாம், அறுவடைப் பண்டிகை என்றேன். "ஊருக்குப் போகவில்லையா?" இல்லை. அவன் சற்றுத் தயங்கிவிட்டு, "நானும் கிறிஸ்துமஸுக்குப் போகவில்லை" என்றான். அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அந்த நாட்டில் யார் எந்தப் பல்கலைக்கழகத்தில் படிப்பது என்பதை அரசாங்கமே ஒதுக்குகிறது. தெற்கில் இருக்கும் பையன் வடக்கே வருவான். அவன் ஊருக்குப் போகப் பேருந்தில் இரண்டு நாளுக்கு மேல் ஆகும், கையில் காசும் இருக்காது. அந்த வகுப்பில் பாதிப் பேர் அப்படிப்பட்டவர்கள். ஒரு பருவம் முழுக்க அவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன், அன்றுவரை இதை யோசித்ததே இல்லை. வீட்டை விட்டுத் தூரத்தில் இருப்பவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோந்தரிலேயே வீடு உள்ள இன்னொரு மாணவன் எங்கள் இருவரையும் திம்கத்துக்கு அழைத்தான். கிறிஸ்து ஞானஸ்நானம் பெற்றதைக் கொண்டாடும் திருவிழா அது. அந்த ஆண்டு ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை.

மதுரைக்காரர்களுக்கு அந்தக் காட்சியை விளக்குவது எளிது. ஒரு பெரிய கல் குளம். குளத்துக்குள் நீராழி மண்டபம்போல ஒரு சிறிய கோட்டை. ஆண்டு முழுக்கக் காய்ந்து கிடக்கும் குளத்தில் திருவிழாவுக்காக ஆற்றுத் தண்ணீரைத் திருப்பி நிரப்புகிறார்கள். முந்தின நாளே ஒவ்வொரு தேவாலயத்திலிருந்தும் தாபோத் என்னும் புனிதப் பலகையைப் பட்டுத் துணியில் சுற்றி, குருமார் தலையில் சுமந்து, வண்ணக் குடை பிடித்து, மேளம் அடித்து ஊர்வலமாகக் கொண்டுவந்துவிடுகிறார்கள். இரவெல்லாம் வழிபாடு. விடிந்ததும் தண்ணீரை மந்திரித்துக் கூட்டத்தின் மேல் தெளிக்கிறார்கள், பையன்கள் குளத்தில் குதிக்கிறார்கள். எனக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் கரையில் நிற்பதுபோலவே இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் தைப்பூசம், மதுரையில் தெப்பத் திருவிழா. கோந்தர் குளம் பேரரசர் ஃபாசிலதஸ் பெயரில் இருக்கிறது. அவரும் நம் திருமலை நாயக்கரும் பதினேழாம் நூற்றாண்டில் ஒரே காலத்தில் ஆண்டவர்கள். ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லாத இரண்டு அரசர்கள்!

அப்புறம் அந்த மாணவன் வீட்டுக்குப் போனோம். அன்று அவர்களுக்கு விருந்து நாள், ஊரெல்லாம் இறைச்சி. நான் சைவம் என்று தெரிந்து, அவன் அம்மா எனக்காகத் தனியாக நோன்புச் சாப்பாடு சமைத்திருந்தார். நோன்பு நாட்களில் அவர்கள் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடமாட்டார்கள். புளித்த மாவில் சுட்ட இன்ஜெரா, அதன் மேல் கடலை மாவுக் குழம்பான ஷிரோ, காரமான மிசிர். மிசிர் என்பது நம்முடைய மைசூர் பருப்புதான். எல்லாரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். அந்த அம்மா ஒரு வாய் எடுத்துச் சுருட்டி என் வாயில் ஊட்டிவிட்டார். அதற்குக் குர்ஷா என்று பெயர், அன்பு காட்டும் முறை. அடுத்த வாய் அந்தத் தெற்கத்திப் பையனுக்கு. அவன் கண் கலங்கியதைப் பார்த்தேன். என் கண்ணும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது.

நாடு திரும்பி இங்கே ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். எங்கள் விடுதியில் மணிப்பூர், நாகாலாந்துப் பிள்ளைகளும் ஆப்பிரிக்க மாணவர்கள் சிலரும் தங்கிப் படிக்கிறார்கள். போன தீபாவளிக்கு நான்கு நாள் மெஸ்ஸை மூடினோம். விடுதியில் மிஞ்சியவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவுக்கே அர்த்தமில்லை. விடுமுறை முடிந்து வந்தபோது ஒரு மாணவி, நான்கு நாளும் பிஸ்கட்டும் கப் நூடுல்ஸும்தான் என்று யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னாள். வெளியே கடைகள்கூட இல்லையாம்.

மெஸ் அண்ணன்கள் பண்டிகைக்கு வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். அவர்களைப் பிடித்து வைக்கச் சொல்லவில்லை. கேட்பது ஆசிரியர்களான நம்மை. நம் வீட்டில் அன்றைக்கு இலை போடத்தானே போகிறோம்? இரண்டு இலை கூடப் போட்டால் என்ன? "அவங்களுக்கு நம்ம சாப்பாடு பிடிக்குமோ என்னமோ" என்று ஒரு நண்பர் இழுத்தார். அந்த அம்மா எனக்குப் பிடிக்குமா என்று தயங்கி நிற்கவில்லை. என்ன சாப்பிடுவேன் என்று மகனிடம் கேட்டார், சமைத்தார். அவ்வளவுதான். எத்தியோப்பியா என்றதும் 1984 பஞ்சத்தின் படங்களை நினைத்து "அங்கே சோறு கிடைக்குமா?" என்று என்னைக் கேட்டவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். எனக்குக் கிடைத்தது. நம் ஊருக்கு வந்த பிள்ளைக்குத்தான் கிடைக்கவில்லை.

சரி, இந்தப் பொங்கலுக்கு விடுதியில் தங்கப்போவது யார் யார் என்று வார்டனிடம் பட்டியல் வாங்கிவிட்டேன். பத்தொன்பது பேர். ஏழு பேர் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். என்ன சாப்பிடுவார்கள், எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்டு எழுதியும் வைத்திருக்கிறேன். மீதி பன்னிரண்டு பேர். கல்லூரிப் பக்கம் குடியிருக்கும் நண்பர்கள் எத்தனை பேரை அழைத்துக்கொள்ள முடியும் என்று இன்பாக்ஸில் சொல்லுங்கள்.