குளித்தால் கூண்டுப் புறா செத்துப்போகுமா?

"கூண்டுப் புறாவுக்குக் கம்பும் தண்ணியும் போதும், குளிக்கவிட்டால் சளி பிடித்துச் செத்துவிடும்" என்று நெல்லைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

அம்பாசமுத்திரத்தில் சாரல் விழும்போது பாருங்கள்: புறா ஒருக்களித்துச் சாய்ந்து, ஒரு சிறகைத் தூக்கித் தூறலை வாங்கும். குளியல் அதன் பிறவிக் குணம். காலை வெயிலில் அகலத் தாம்பாளத்தில் இரண்டு அங்குலத் தண்ணீர் வையுங்கள். குளித்தபின் தண்ணீர் மேலே வெள்ளையாகப் படருமே, அது நோயல்ல, இறகுப் பொடி. (அதைப் பார்த்துப் பயந்துதான் இந்தக் கதையே கிளம்பியிருக்கும்.) அந்தத் தண்ணீரைக் குடிக்கவிடாமல் கொட்டிவிடுங்கள். பொழுதடைந்தபின் மட்டும் நனையவிட வேண்டாம்.

கம்பையும் கிண்ணத்தில் குவிக்காமல் சருகோடு தரையில் தூவுங்கள். அலகால் தள்ளித் தள்ளித் தேடித் தின்னும். அப்புறம், காட்டுப் புள்ளிப்புறாவைப் பிடித்து அடைப்பது 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.